நியூ ஜெர்சியில் ஆறு இடங்களும் ஒரே கட்சிக்கு: 1800–1814 காங்கிரஸ் தேர்தல்கள் குறித்து ஓர் ஐயம்

ஏட்டுச்சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையின் தொடக்ககால உறுப்பினர் பட்டியல்களை மாநிலவாரியாக எடுத்துப் படித்துவருகிறேன். நியூ ஜெர்சிக்கு வந்ததும் கணக்கு இடறிவிட்டது.

1800-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் அம்மாநிலத்துக்குரிய 5 இடங்களும் ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சிக்கே சென்றன. (இன்று அதே பெயரில் இருக்கும் கட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை அறிவேன்.) அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இடங்கள் 6 ஆயின, அந்த ஆறும் தேர்தலுக்குத் தேர்தல் அதே கட்சிக்கே போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு 1813 ஜனவரியில் நடந்த தேர்தலில் திடீரென ஃபெடரலிஸ்டுகள் 4 பேரும் ரிபப்ளிகன்கள் 2 பேரும் தேர்வாகிறார்கள். அடுத்ததாக 1814-இல் நடந்த தேர்தலில் மறுபடியும் ஆறும் ரிபப்ளிகன்களுக்கே.

ஒரு மாநிலத்து மக்களின் மனம் இப்படி அடியோடு புரண்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுமா? 1812-இல் போர் வந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஆறுக்கு ஆறு என்று இருந்ததற்கு அது விளக்கமாகாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதே 1812-இல் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் காலத்தில் ஆளும் கட்சிக்கு வாய்ப்பாகத் தொகுதிகளை வளைத்து வெட்டிய கதை உலகறிந்தது. நியூ ஜெர்சியிலும் அந்த வேலைதான் நடந்ததா?

இன்னோர் ஐயமும் உண்டு. அக்காலத்தில் நியூ ஜெர்சிப் பெண்கள் வாக்களித்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி படித்தேன். மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் மட்டும் வாக்களித்தார்களா, காங்கிரஸ் தேர்தலிலும் வாக்களித்தார்களா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.


தராசுமுள் எழுதியது:

நண்பரே, உங்கள் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் எண்ணும் முறையில்தான் இருக்கிறது. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, காங்கிரஸ் தேர்தலுக்கான காலம், இடம், முறை ஆகிய மூன்றையும் வகுக்கும் பொறுப்பை முதற்கண் மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டுவைத்தது; காங்கிரஸ் விரும்பினால் அதில் தலையிடலாம் என்றும் சொல்லியது. 1842 வரை தொகுதி விஷயத்தில் காங்கிரஸ் தலையிடவில்லை. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி நடந்துகொண்டது. சில மாநிலங்கள் தொகுதி பிரித்தன, சில மாநிலங்கள் மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துக்கொண்டன.

நியூ ஜெர்சி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கே ஒரு வாக்காளர் தம் ஊர்க்காரர் ஒருவருக்கு வாக்களிப்பதில்லை. 6 இடங்கள் என்றால் 6 பெயர்களையும் ஒரே சீட்டில் எழுதிப் போட வேண்டும். வடக்கே பெர்கன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) டச்சுக் குடியானவரும், தென்கோடியில் கேப் மே கடற்கரையில் இருப்பவரும் அதே ஆறு பேரையே தேர்ந்தெடுத்தார்கள். கட்சிப் பத்திரிகைகளும் கவுண்டிக் கூட்டங்களும் ஆறு பெயர் கொண்ட பட்டியலை அறிவித்துவிடும். ஆதரவாளர்கள் அதை அப்படியே எழுதிப் போடுவார்கள். மாநிலம் முழுவதும் 100-க்கு 52 பேர் ஒரு பட்டியலை ஆதரித்தால் ஆறு இடங்களும் அந்தப் பட்டியலுக்கே போய்ச் சேரும்; மீதி 48 பேருக்கு ஓர் இடமும் இல்லை. 1808-இல், ஜெஃபர்சனின் கப்பல் வணிகத் தடையால் துறைமுகங்கள் முடங்கி, ஃபெடரலிஸ்டுகளுக்கு ஆதரவு பெருகியிருந்த நேரத்திலும் ஆறு இடங்களும் ரிபப்ளிகன்களுக்கே போனதற்கு இதுவே காரணம். நீங்கள் பார்த்த பட்டியலில் சிறுபான்மையினர் தென்படாததால், அவர்கள் மாநிலத்திலும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

1812-க்கு வருவோம். ஜூன் மாதம் பிரிட்டனுக்கு எதிராகப் போர் அறிவிக்கப்பட்டது. நியூ ஜெர்சியில் போரை விரும்பாதவர்கள் ஏராளம். மேற்குப் பகுதியில், டெலவேர் ஆற்றங்கரை நெடுக, போரையே பாவமாகக் கருதும் குவேக்கர் சமயத்தார் நிறைந்திருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஃபெடரலிஸ்டுகள் பெரும்பான்மை பெற்று, ஏரன் ஆக்டனை ஆளுநராக்கினார்கள். (அக்காலத்தில் ஆளுநரை ஆண்டுதோறும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். பிற்காலத்தில் நீராவிக் கப்பல் உரிமை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுச் சட்டப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட ஆக்டனும் இவரே.) பெரும்பான்மை எத்தனை நாள் நீடிக்கும் என்பது அவர்களுக்கே ஐயம். எனவே வந்த வேகத்தில் இரண்டு வேலைகளைச் செய்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மக்கள் வாக்களிக்கச் சில நாட்களே இருந்த நிலையில் அந்த வாக்கெடுப்பை நீக்கி, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தின் சார்பில் வாக்களிக்கும் 8 தேர்வாளர்களையும் சட்டமன்றமே நியமிக்கும் என்று சட்டம் செய்தார்கள். எட்டு வாக்குகளும், அப்போதைய குடியரசுத் தலைவரான ரிபப்ளிகன் மேடிசனை எதிர்த்துப் போட்டியிட்ட டிவிட் கிளின்டனுக்குப் போயின. அடுத்து, மாநிலத்தை மூன்று காங்கிரஸ் தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர் என்று வைத்தார்கள்.

வடபகுதித் தொகுதி ரிபப்ளிகன்களின் கோட்டை. அங்கே லூயிஸ் கான்டிக்ட்டும் தாமஸ் வார்டும் வென்றார்கள். நடுத் தொகுதியில் ஜேம்ஸ் ஷுர்மன், ரிச்சர்ட் ஸ்டாக்டன். தெற்கில் வில்லியம் காக்ஸ், ஜேக்கப் ஹஃப்டி. இந்த நால்வரும் ஃபெடரலிஸ்ட் பட்டியலில் நின்றவர்கள். இவர்களில் ஹஃப்டி அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களில் ரிபப்ளிகனாக வென்று, போரை எதிர்த்து இந்தப் பக்கம் வந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1813 அக்டோபரில் ரிபப்ளிகன்கள் சட்டமன்றத்தை மீட்டதும் பழைய முறை திரும்பியது. 1814-இல் ஆறு இடங்களும் அவர்களுடையவை ஆயின.

மாசசூசெட்ஸ் ஒப்பீட்டை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 1812 பிப்ரவரியில் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடம் அம்மாநிலச் செனட்டுக்கானது, காங்கிரசுக்கானது அன்று. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மேலும் அங்கே எல்லைக் கோடு பாம்பாக நெளிந்தது. நியூ ஜெர்சியில் அவ்வளவு நுணுக்கத்துக்குத் தேவையே எழவில்லை. வடக்கு, நடு, தெற்கு என்று பிரித்தாலே போதும், ஒரு பக்கம் மட்டும் குவிந்திருந்த ரிபப்ளிகன் வாக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். கோட்டை எங்கே வளைப்பது என்பதைவிடக் கோடு இருக்க வேண்டுமா என்பதே அங்கே சண்டை.


நீலவேணி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். ஆம், காங்கிரஸ் தேர்தலிலும் வாக்களித்தார்கள். இதற்கு இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு வாக்களிக்கும் தகுதி யாருக்கு உண்டோ, அவர்களுக்கே பிரதிநிதிகள் அவைத் தேர்தலிலும் வாக்கு உண்டு என்பது அமெரிக்க அரசமைப்பு. நியூ ஜெர்சியின் 1776-ஆம் ஆண்டு அரசமைப்போ, வயது நிறைந்தவராகவும், 50 பவுண்டு மதிப்புள்ள உடைமை கொண்டவராகவும், கவுண்டியில் 12 மாதம் குடியிருந்தவராகவும் உள்ள ‘எல்லாக் குடியிருப்பாளருக்கும்’ வாக்கு என்று சொன்னது. அதில் ஆண் என்ற சொல் இல்லை. வெள்ளையர் என்ற சொல்லும் இல்லை. எனவே மாநில அவைக்கு வாக்களித்த கைம்பெண்ணும், மணமாகாத பெண்ணும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் காங்கிரசுக்கும் வாக்களித்தார்கள்.

மணமான பெண்கள் இதில் வரமாட்டார்கள். அக்கால ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின்படி மனைவியின் உடைமை கணவனுடையதாகிவிடும். தன் பெயரில் 50 பவுண்டு இல்லாதபோது வாக்கும் இல்லை. ஆகவே ‘பெண்கள் வாக்களித்தார்கள்’ என்று ஒற்றை வரியில் எழுதும்போது அதன் அளவு தெரியாமல் போய்விடுகிறது. அதே சமயம், 50 பவுண்டு என்றவுடன் நிலக்கிழார்கள் மட்டும் என்று எண்ணிவிடவும் கூடாது. நிலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாடு, வண்டி, வீட்டுச் சாமான் எல்லாம் சேரும். விலைவாசி ஏற ஏற அந்த வரம்பு தாழ்ந்துகொண்டே வந்தது.

இது ஏதோ எழுத்துப் பிழையால் விளைந்த உரிமை என்று சிலர் சொல்வதுண்டு. 1776-க்கு அந்த வாதத்தை ஒருவேளை ஏற்கலாம். பின்னால் வந்த சட்டங்களுக்கு ஏற்க முடியாது. 1790-இல் 7 கவுண்டிகளுக்கும், 1797-இல் மாநிலம் முழுவதற்கும் இயற்றப்பட்ட தேர்தல் சட்டங்கள் வாக்காளரைக் குறிக்கும் இடத்தில் ‘அவன் அல்லது அவள்’ என்றே எழுதுகின்றன. 1797 சட்டத்தில் அந்த வாசகம் வரும் இடம் கவனிக்கத்தக்கது. வாக்காளர், எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையாக, தாம் ஆதரிக்கும் பெயர்கள் எழுதிய ஒற்றைச் சீட்டைத் தேர்தல் ஆய்வாளரிடம் கொடுக்க வேண்டும் என்று முறையை விவரித்துக்கொண்டு வரும்போது, அந்தச் சீட்டு ‘அவனுடைய அல்லது அவளுடைய’ சீட்டு என்கிறது. கூடத்தில் ஆண்கள் கூட்டமாக நிற்க, ஒரு பெண் நடந்து வந்து அத்தனை பேர் கண்முன் சீட்டைக் கொடுக்கும் காட்சியை மனத்தில் வைத்துத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

1800-இல் காங்கிரஸ் தேர்தல் மசோதா விவாதத்துக்கு வந்தபோது, வயது வந்த கைம்பெண்ணோ மணமாகாத பெண்ணோ தரும் வாக்கை ஆய்வாளர்கள் மறுக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டது. அதை அவை ஏற்கவில்லை. காரணம் விந்தையானது: நம் அரசமைப்பே கறுப்பு, வெள்ளை என்று பாராமல் அவர்களுக்கு இந்த உரிமையைத் தந்திருக்கும்போது தனியாக ஒரு திருத்தம் எதற்கு என்பதே.

எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதற்கு நெடுங்காலம் வாய்வழிக் கதைகளும் கட்சிப் பத்திரிகைகளின் கிண்டலுமே சான்றாக இருந்தன. அண்மை ஆண்டுகளில் ஆவணக் காப்பகங்களிலிருந்து வாக்காளர் வருகைப் பட்டியல்கள் சில வெளிப்பட்டன. சாமர்செட் கவுண்டியின் மான்ட்கோமரி என்னும் டவுன்ஷிப்பில் (கவுண்டிக்குள் அடங்கிய சிறு பிரிவு) 1801 அக்டோபரில் எழுதப்பட்ட பட்டியலில் 343 பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் 46 பெண்களுடையவை. அது மாநிலச் சட்டமன்றத் தேர்தலின் பட்டியல்தான் என்றாலும், தகுதி ஒன்றே என்பதால் காங்கிரஸ் தேர்தலிலும் அதே பெண்கள் வந்து நிற்கத் தடை ஏதும் இல்லை. 100-க்கு 13 பேர் என்பது ஒரு கட்சியை வெல்லவோ தோற்கவோ வைக்கப் போதுமான எண்.


ஏட்டுச்சுருள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘ஆறு பெயரையும் ஒரே சீட்டில்’ என்பது எனக்குப் புதிய செய்தி; அது தெரிந்தவுடன் பட்டியல் முழுவதும் வேறு மாதிரியாகத் தெரிகிறது.

நீலவேணி அம்மாவிடம் ஒரு துணைக் கேள்வி. இவ்வளவு தெளிவாகச் சட்டத்தில் இருந்த உரிமை எப்படிப் பறிபோயிற்று? தராசுமுள் ஐயாவிடமும் ஒன்று: தொகுதி பிரிப்பதால் ஃபெடரலிஸ்டுகளுக்கு நன்மை என்றால் 1812 வரை ஏன் காத்திருந்தார்கள்? 1800-க்கு முன்னால் சட்டமன்றம் அவர்கள் கையில்தானே இருந்தது?


நீலவேணி எழுதியது:

உரிமை பறிபோனது ஒரு கட்டடத்தால். எசெக்ஸ் கவுண்டிக்குப் புதிய நீதிமன்றம் கட்ட வேண்டியிருந்தது. அது நுவார்க்கில் அமைவதா, எலிசபெத்டவுன் பக்கம் அமைவதா என்று இரண்டு ஊர்களுக்கும் பெரும் பகை. நீதிமன்றம் எங்கே அமைகிறதோ அங்கே வழக்கறிஞர்கள், விடுதிகள், சந்தை, சாலை எல்லாம் பின்னால் வரும். 1807 பிப்ரவரியில் மக்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். நுவார்க் வென்றது. எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 14,000 வாக்குகள் விழுந்திருந்தன. ஆண், பெண், குழந்தை எல்லாரையும் சேர்த்தாலே அந்தக் கவுண்டியில் சுமார் 22,000 பேர்தான். ஒருவரே ஊர் ஊராக வண்டியில் போய்ப் பல முறை வாக்களித்தார், உடை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார்கள், பையன்கள் பெண்வேடமிட்டு வந்தார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் பறந்தன. சட்டமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்று அறிவித்தது.

ஊரெல்லாம் சேர்ந்து செய்த மோசடிக்குப் பழி யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 1807 நவம்பரில் வந்த சட்டம், வாக்குரிமையைச் சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமக்களோடு நிறுத்தியது. அதன் முகப்பிலேயே, அயல்நாட்டார், பெண்கள், கறுப்பினத்தவர் ஆகியோர் வாக்களிப்பது குறித்து ஐயங்கள் எழுந்துள்ளன என்று எழுதினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் எந்த ஐயமும் இல்லை என்று சொல்லித் திருத்தத்தை விலக்கிய அதே அவை இது. இன்னொரு கையால் உரிமையை விரித்தும் கொடுத்தார்கள்: வரிப் பட்டியலில் பெயர் இருந்தாலே 50 பவுண்டு உடைமை இருப்பதாகக் கொள்ளப்படும் என்றார்கள். ஏழை வெள்ளையருக்குக் கதவு திறந்த அதே தாளில்தான் உடைமையுள்ள பெண்ணுக்குக் கதவு அடைபட்டது.

கட்சிக் கணக்கும் இதில் உண்டு. பெண்களும் கறுப்பினத்தவரும் ஃபெடரலிஸ்டுகளுக்கே வாக்களிக்கிறார்கள் என்று ரிபப்ளிகன்கள் குமுறினார்கள். குடியேறி வந்த அயல்நாட்டார் ரிபப்ளிகன்களுக்கு வாக்களிக்கிறார்கள் என்று ஃபெடரலிஸ்டுகள் குமுறினார்கள். இருவர் குமுறலையும் ஒரே சட்டத்தில் தீர்த்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அப்போது மாரிஸ் கவுண்டியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் கான்டிக்ட்; தராசுமுள் ஐயா மேலே சொன்ன, 1813-இல் வடக்குத் தொகுதியில் வென்றவரும் அவரே. என் பார்வையில், 1808 முதலான காங்கிரஸ் தேர்தல் முடிவுகளை அதற்கு முந்தியவற்றோடு ஒப்பிடும்போது, வாக்களித்த கூட்டமே வேறு என்பதை மறக்கக் கூடாது. 1844-இல் வந்த புதிய அரசமைப்பில் ‘வெள்ளை ஆண்’ என்பது நிலையாகவே எழுதப்பட்டுவிட்டது.


கற்சிலை எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. தராசுமுள் அவர்களின் பதிலில் ஓர் இடைவெளி இருப்பதாகத் தோன்றுவதால் நுழைகிறேன். ஏட்டுச்சுருள் கேட்ட கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஃபெடரலிஸ்டுகள் 1812 வரை காத்திருக்கவில்லை. 1796 தேர்தலில், மாநிலம் முழுவதும் ஒரே சீட்டு என்ற முறையில், 5 இடங்களும் அவர்களுக்கே கிடைத்திருந்தன. அவையின் தலைவராக இருந்த ஜோனதன் டேட்டனும் அந்த ஐவரில் ஒருவர். அப்படியிருந்தும் 1798-இல் அவர்களுடைய சட்டமன்றமே மாநிலத்தை 5 தொகுதிகளாகப் பிரித்தது. பிரித்ததன் பயன், ரிபப்ளிகன்கள் 3 இடங்களை வென்றார்கள். ஃபெடரலிஸ்டுகளுக்கு மிஞ்சியவை 2. கையில் இருந்த ஐந்தில் மூன்றைத் தாமே தாரைவார்த்துவிட்டோம் என்று உணர்ந்து, 1800-இல் மறுபடி பழைய முறைக்கு மாறினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சட்டமன்றம் அவர்களிடமே இருந்தது. மாநிலத்தின் 7 குடியரசுத் தலைவர் தேர்வாளர்களையும் ஜான் ஆடம்சுக்கே தந்தது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் மக்கள் போட்ட சீட்டில் ஐந்து இடங்களும் ரிபப்ளிகன்களுக்குப் போய்விட்டன. தொகுதி வேண்டுமென்று மாற்றியபோதும் தோற்றார்கள், வேண்டாமென்று மாற்றியபோதும் தோற்றார்கள். விதியை எழுதும் பேனா ஒருவர் கையில் இருந்தால் வெற்றியும் அவருக்கே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். நியூ ஜெர்சி அதற்கு ஒத்துழைக்கவில்லை.

1798-இல் செய்த பிழையின் விலை 1801 பிப்ரவரியில் தெரிந்தது. ஜெஃபர்சனும் ஏரன் பர்ரும் தேர்வாளர் வாக்கில் சமமாக நின்றதால், முடிவு பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. ஃபெடரலிஸ்டுகள் பர்ரை ஆதரித்தார்கள். அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அன்றிருந்த 16 மாநிலங்களில் 9 வேண்டும். முதல் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரண்டு மாநிலங்கள் உள்ளுக்குள் சரிபாதியாகப் பிளந்து வாக்கிழந்தன. ஜெஃபர்சனுக்குக் கிடைத்த எட்டில் நியூ ஜெர்சியும் ஒன்று. 1800 இறுதியில் தேர்வான ஐவர் இன்னும் பதவியேற்கவில்லை. அவையில் இருந்தவர்கள் 1798-இல் தொகுதி முறையில் வந்த மூன்றுக்கு இரண்டு குழுதான். மேற்குத் தொகுதியின் ஜேம்ஸ் லின் ஒருவர் பிறழ்ந்திருந்தால் மாநிலத்தின் வாக்கே மறுபக்கம் போயிருக்கும். 1798-இல் பழைய முறையே தொடர்ந்து, முந்தைய தேர்தலைப் போல ஐந்தும் ஃபெடரலிஸ்டுகளிடம் இருந்திருந்தால், நியூ ஜெர்சியின் வாக்கு பர்ருக்குப் போய் 7-க்கு 7 என்று ஆகியிருக்கும். பிப்ரவரி 17-ஆம் நாள், 36-ஆம் சுற்றில்தான் ஜெஃபர்சன் வென்றார் என்பதை நினைத்தால், அந்த ஒரு மாநிலத்தின் எடை புரியும். பின்னர் ஜெஃபர்சன் லின்னுக்கு வருவாய்த் துறை மேற்பார்வையாளர் பதவி கொடுத்தார். அதற்கு அக்காலத்தவர் என்ன பொருள் கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.


தராசுமுள் எழுதியது:

கற்சிலை அவர்கள் சொல்வது சரி. 1798-ஐ நான் விட்டது குறைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1812-இல் ஃபெடரலிஸ்டுகள் ஐந்தாறு சிறு தொகுதிகளாகப் பிரிக்காமல், இரண்டு உறுப்பினர் கொண்ட மூன்று பெரிய தொகுதிகளாகப் பிரித்ததற்கு 1798-இன் சூடு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பெரிய தொகுதியில் உள்ளூர்ச் செல்வாக்குக் கரைந்துவிடும். பட்டியல் வாக்கு நிலைக்கும். இந்த முறை கணக்கும் தப்பவில்லை.

தேர்தல் விதியில் ஓட்டை வைப்பது அம்மாநிலத்துக்கு முதல் தேர்தலிலேயே வந்த பழக்கம் என்றும் சொல்லலாம். 1789 பிப்ரவரியில் முதல் காங்கிரஸ் தேர்தல் தொடங்கியபோது, வாக்குப்பதிவு எந்நாளில் முடியும் என்பதைச் சட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள். மேற்குக் கவுண்டிகள் வாக்குச்சாவடியை மூடாமல் வாக்குச் சேர்த்துக்கொண்டே போயின. மார்ச்சில் ஆளுநரும் மன்றமும் வென்றவர்களை அறிவித்த பின்பும் எசெக்ஸில் சாவடி ஏப்ரல் வரை திறந்திருந்தது. அன்று வென்ற நால்வரில் ஒருவர் ஜேம்ஸ் ஷுர்மன். 24 ஆண்டுகள் கழித்து 1813-இல் நடுத் தொகுதியில் வென்ற அதே ஷுர்மன்.


ஏட்டுச்சுருள் எழுதியது:

எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. 1842-இல் காங்கிரஸ் தலையிட்டதாகத் தராசுமுள் ஐயா தொடக்கத்தில் குறிப்பிட்டார். அந்தத் தலையீட்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் தொடர்பு உண்டா?


கற்சிலை எழுதியது:

நேரடியாக அதற்காகவே வந்த சட்டம் என்று சொல்லமாட்டேன். அலபாமா உள்ளிட்ட பிற மாநிலங்களின் போக்கும் அதற்குப் பின்னணியில் உண்டு. ஆனால் ஒரே சீட்டு முறை எந்த அளவுக்குக் கேடு செய்யும் என்பதை 1838-இல் நியூ ஜெர்சி நாட்டுக்கே காட்டியது. ஆறு இடங்களுக்கான அந்தத் தேர்தலில், மொத்தம் 50,000-க்கு மேற்பட்ட வாக்குகளில் அப்போதைய இரு பெரும் கட்சிகளான விக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இடையே மயிரிழை வித்தியாசம். மிடில்செக்ஸ் கவுண்டியின் சவுத் ஆம்பாய், கம்பர்லாந்து கவுண்டியின் மில்வில் ஆகிய இரண்டு டவுன்ஷிப்களின் கணக்கில் முறைக் குறைபாடு என்று சொல்லிக் கவுண்டி எழுத்தர்கள் அவற்றைச் சேர்க்காமல் விட்டார்கள். அவற்றைச் சேர்த்தால் ஐந்து இடங்களில் ஜனநாயகக் கட்சி. சேர்க்காவிட்டால் ஐந்திலும் விக் கட்சி. தொகுதிகள் இருந்திருந்தால் அந்த இரண்டு ஊர்த் தகராறு ஒன்றிரண்டு இடங்களோடு முடிந்திருக்கும். விக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் வில்லியம் பென்னிங்டன், தம் கட்சியினர் ஐவருக்கும் மாநிலப் பெருமுத்திரை இட்ட சான்றிதழைக் கொடுத்தார். அதனாலேயே அது முத்திரைப் போர் என்று பெயர் பெற்றது.

1839 டிசம்பர் 2-ஆம் நாள் அவை கூடியது. அந்த ஐவரை விலக்கிப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்கு 119, விக் முதலான எதிரணிக்கு 118; யாரை உள்ளே விடுகிறோமோ அவர்களுக்கே அவை. எழுத்தர் ஹியூ கார்லண்டு வடக்கிலிருந்து மாநிலம் மாநிலமாகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தார். நியூ ஜெர்சியில் தகராறு இல்லாத ஒரே உறுப்பினரான ஜோசப் ராண்டால்ஃபின் பெயரை வாசித்துவிட்டு, மற்ற ஐந்து இடங்களும் வழக்கில் இருக்கின்றன, நான் வாசிக்கமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். தலைவர் இல்லாததால் எழுத்தரை மீறி எதையும் முடிவு செய்ய வழியில்லை. பெயர்ப் பட்டியல் முடியாததால் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. நான்காம் நாள், முன்னாள் குடியரசுத் தலைவரும் அப்போது சாதாரண உறுப்பினருமான 72 வயது ஜான் குவின்சி ஆடம்ஸ் எழுந்து, அவையே எழுத்தரை மீறிச் செயல்பட வேண்டும் என்றார். தீர்மானத்தை யார் வாக்கெடுப்புக்கு விடுவது என்று கேட்டார்கள். நானே விடுவேன் என்றார். அவரையே தற்காலிகத் தலைவராக அமர்த்தினார்கள். டிசம்பர் 16-இல்தான் வர்ஜீனியாவின் ராபர்ட் ஹன்டர் அவைத் தலைவரானார். 1840-இல் ஜனநாயகக் கட்சியினர் ஐவரும் இருக்கையில் அமர்த்தப்பட்டார்கள்.

1842 ஜூனில் வந்த இட ஒதுக்கீட்டுச் சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உள்ள மாநிலம் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பினர் தொகுதிகளாகப் பிரிய வேண்டும் என்றது. நியூ ஜெர்சிக்கு அப்போது இடங்கள் 5 ஆகக் குறைந்திருந்தன. ஐந்து தொகுதிகள் வகுத்துக்கொண்டது. நியூ ஹாம்ப்ஷயர், ஜார்ஜியா, மிசிசிப்பி, மிசௌரி ஆகிய நான்கும் சட்டத்தைக் கண்டுகொள்ளாமல் பழைய முறையிலேயே உறுப்பினர்களை அனுப்பின. அவையும் அவர்களை ஏற்றுக்கொண்டது.

ஆளுநர் பென்னிங்டன் பற்றி ஒரு வார்த்தை. 1813-இல் ரிபப்ளிகன்கள் சட்டமன்றத்தை மீட்டதும் ஆளுநரான வில்லியம் சான்ஃபர்டு பென்னிங்டனின் மகன் இவர். 1858-இல் இவரும் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். இருபது ஆண்டுகளுக்கு முன் இவருடைய முத்திரையால் தலைவர் இல்லாமல் தவித்த அதே அவை, மறுபடியும் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு மாதம் முட்டி மோதி, 1860 பிப்ரவரியில், 44-ஆம் சுற்றில், கடைசியில் இவரையே தலைவராக்கியது.